அதிகையில் காத்திருந்த தமக்கையார்

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஊரில் தங்கியிருக்கும் பெற்றோர்க்கெல்லாம் ஓர் அச்சம் பொதுவாக உண்டு. நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசி மணிதான் அது. பகலில் எத்தனை முறை ஒலித்தாலும் பொருட்படுத்தாத நாம், அகால வேளையில் ஒரு முறை ஒலித்தால் போதும், எழுந்து உட்காருவதற்கு முன்பே நெஞ்சு நடுங்கிவிடுகிறது.

கடந்த மார்கழியில் எங்கள் வீட்டில் அந்த மணி ஒலித்தது. நேரம் விடியற்காலை 2 மணி 40 நிமிடம். திண்டிவனத்தில், திந்திரிணீஸ்வரர் திருக்கோயிலுக்கு நடந்து செல்லும் தொலைவில் எங்கள் வீடு. மார்கழியில் என் மனைவி நான்கு மணிக்கு எழுவது வழக்கமாதலால், அவளுடைய அலாரம்தான் முன்கூட்டியே அடித்துவிட்டது என்று முதலில் எண்ணினேன். கைபேசித் திரையில் எங்கள் மகனின் பெயர் தெரிந்தது. சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். வயது 31. இன்னும் திருமணமாகவில்லை.

எடுத்துப் பேசினால், குரல் அவனுடையதாக இல்லை.

"அப்பா, நான் அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவன். மன்னார்குடிப் பையன் என்று சொல்லியிருப்பானே. நீங்கள் பதற வேண்டாம்."

பதற வேண்டாம் என்று ஒருவர் தொடங்கினால் அதற்குப் பிறகு பதறாமல் இருப்பவர் யார்? முதல் நாள் மாலையிலிருந்து தொப்புளைச் சுற்றி வலி என்றானாம். பிறகு அந்த வலி அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. வாந்தி, காய்ச்சல். ஆம்புலன்ஸை வரவழைத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, காலையில் அறுவை சிகிச்சை என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். "அவன் உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறான்" என்று சொல்லி, அந்தப் பிள்ளை கைபேசியை மாற்றிக் கொடுத்தான்.

"அப்பா" என்றான் மகன்.

அதற்கு நான் என்ன மறுமொழி கூறினேன் என்பதை இங்கே எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கட்டுரையே அதனால் பிறந்தது என்பதால் மறைப்பதற்கில்லை. "வேளைக்குச் சாப்பிடு, கண்டதையும் வாங்கித் தின்னாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? கேட்டாயா?" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு "சரி அப்பா" என்றான். அவ்வளவுதான்.

என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள் மனைவி. "தம்பி, உன் கூட யார் இருக்கிறார்கள்? வலி இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். அவன் சொல்வதைக் கேட்டாள். பிறகு அந்த மன்னார்குடிப் பிள்ளை மீண்டும் வந்து, "அம்மா, இவனுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்கிறார், இவனுக்குத் தெரியவில்லை" என்றான். எனக்கும் நினைவில் இல்லை. அவள் ஒரு கணமும் தயங்காமல், "ஏழு வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று. மறக்காமல் சொல்லிவிடு" என்றாள். அங்கே அவன் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் அதைக் கூறுவது எங்கள் காதில் விழுந்தது.

குடல்வால் அழற்சிக்கும் வேளை தவறிச் சாப்பிடுவதற்கும் தொடர்பு இல்லை என்பதைப் பிற்பாடு இங்குள்ள மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார். அந்தச் சிறு குழாயின் வாய் ஏதோ ஒரு காரணத்தால் அடைபட்டு, உள்ளே வீக்கம் கண்டு, சீழ் பிடிக்கிறது; சிறுவர்க்கும் வரும், இளைஞர்க்கும் வரும். ஆக, நான் சினந்து கூறிய சொல் அன்பில்லாதது மட்டுமா? உண்மையும் இல்லாதது.

அதன்பின் காத்திருப்பு. என் பாஸ்போர்ட் காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது தெரிந்திருந்தும் அலமாரியைத் திறந்து மூன்று முறை அதை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை சென்னையில் இருந்தால் அடுத்த பேருந்தில் ஏறியிருப்போம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ சேர்த்திருந்தால் வாசலிலாவது உட்கார்ந்திருப்போம். கடலுக்கு அப்பால் இருப்பவனுக்காக எந்த வாசலில் போய் உட்காருவது?

மனைவி விளக்கேற்றினாள். ஒரு மஞ்சள் துணியில் காசை முடிந்து, மயிலம் முருகனை நினைத்து, பூஜை மாடத்தில் வைத்தாள். நான்கு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். ஐந்தரை மணிக்குப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள். சுவாமிக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பது அவள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் சிறு கைங்கரியம். எனக்குச் சினம் மூண்டது. "இந்த நிலையிலுமா?" என்றேன். "பறித்த பூ வாடிவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு மன்னார்குடிப் பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்தது, கண் விழித்துவிட்டான், தண்ணீர் கேட்கிறான்.

கதை இதனோடு முடிந்திருந்தால் நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்திவிட்டு மறந்திருப்பேன். பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை பேச்சுவாக்கில் ஒரு செய்தியைச் சொன்னான். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் மகன் டெங்குக் காய்ச்சலால் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. "நான் சொல்லிவிடலாம் என்றேன் அப்பா. அவன்தான் வேண்டாம், அப்பா திட்டுவார் என்றான்."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் இந்த அச்சம் தந்தி உருவில் வந்தது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தினால், எந்த வீடு என்று தெரிவதற்கு முன்பே நாலு வீட்டில் அழுகை எழும். நல்ல மனம் கொண்ட ஒரு சேவகர், தெருமுனையிலிருந்தே "நல்ல சேதிதான், நல்ல சேதிதான்" என்று கூவிக்கொண்டு வருவார். 2013 ஜூலையோடு இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. இப்போது செய்தி நொடியில் வருகிறது, முகமும் தெரிகிறது. ஆனால் பிள்ளை சொன்னால்தானே செய்தி? சொல்வதற்கு அஞ்சினால் எந்தக் கருவி என்ன செய்யும்?

தை பிறந்ததும் மயிலம் சென்று காசைச் செலுத்தினோம். அடுத்த வாரம், "திருவதிகைக்கு ஒருமுறை போய்வரலாம்" என்றாள் மனைவி. வயிற்றுநோய் தீர்த்த பெருமான் என்பதால் கேட்கிறாள் என்று நினைத்தேன். விழுப்புரம் சென்று, அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பண்ருட்டியில் இறங்கினோம். பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர். தை மாதத்தில் பழம் ஏது? ஆட்டோவில் சிறிது தூரம் சென்றதும் கெடில நதிக் கரையில் வீரட்டானேசுவரர் ஆலயம். ஈசன் முப்புரம் எரித்த தலமென்று போற்றப்படுவது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. கருவறையில் பதினாறு பட்டைகளோடு கூடிய பெரிய இலிங்கத் திருமேனி. கோபுர வாயிலில் நாட்டியக் கரணச் சிற்பங்கள். இவற்றையெல்லாம் நான் முன்பே பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அன்று மனைவி நேரே சென்று நின்ற இடம் திலகவதியார் சந்நிதி. அங்கே அவள் வெகுநேரம் நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சேக்கிழார் பெருமானின் பெரிய புராணத்தை எடுத்து, திருநாவுக்கரசர் புராணத்தை மறுபடியும் படித்தேன். சிறு வயதிலிருந்து கேட்ட வரலாறுதான். ஆயினும் இம்முறை நான் அப்பரைப் படிக்கவில்லை. அவருடைய தமக்கையாரைப் படித்தேன்.

திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர். புகழனார், மாதினியார் என்ற தம்பதியர்க்கு முதலில் பிறந்தவர் திலகவதியார். சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் மருணீக்கியார். திலகவதியாருக்குப் பன்னிரண்டாம் வயதில் கலிப்பகையார் என்னும் படைத்தலைவரை மணம் பேசினார்கள். அவர் அரசன் ஏவலால் போருக்குப் போனார். அந்த இடைவெளியில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் நீத்தார். அந்தத் துயரம் ஆறுவதற்குள் கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. அவருக்கே உரியது என் உயிர் என்று கருதிய திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்போது தம்பியார் அடிகளில் விழுந்து அழுதார். தாய்தந்தை போனபின் உம்மைக் கண்டல்லவா நான் உயிர் தரித்திருக்கிறேன், நீர் போனால் நான் உமக்கு முன்னே போய்விடுவேன் என்றார். தம்பி வாழ வேண்டும் என்ற ஒன்றுக்காகவே அவர் உயிரைத் தாங்கிக்கொண்டார்.

ஆகவே திலகவதியார் தமக்கையாராய்ப் பிறந்து, அன்னையும் தந்தையுமாய் ஆனவர். அவரைப் பெற்றோர் வரிசையில் வைத்து எண்ணுவதில் பிழையில்லை.

அந்தத் தம்பி வளர்ந்தார். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். நிலையாமையை எண்ணி எண்ணி, மெய்ப்பொருளைத் தேடிச் சமண நெறியை மேற்கொண்டார். இன்றைய திருப்பாதிரிப்புலியூரான பாடலிபுத்திரத்தில் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றார். (எங்கள் திண்டிவனம் பகுதிக்கு அருகில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் விளங்குகிறது. பல தலைமுறைகளாக நம் அண்டை வீட்டார் அவர்கள். பழங்காலச் சமயப் பூசலைக் கிளறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வளர்ந்த பிள்ளை நாம் அறியாத உலகத்துக்குப் போய், அங்கே பெரிய பதவியிலும் அமர்ந்துவிட்டான் என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.)

தமக்கையார் என்ன செய்தார்? திருவதிகைக்கு வந்து தங்கினார். பொழுது புலர்வதற்கு முன் எழுந்து திருவலகு இட்டார், சாணத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். தம்பியின் பொருட்டு நாள்தோறும் பெருமானிடம் முறையிட்டார். அவனை நான் ஆட்கொள்வேன், கவலை ஒழிக என்று இறைவன் கனவில் அருளியதாகச் சேக்கிழார் கூறுகிறார். அந்த அருள் வந்த வடிவம்தான் சூலை நோய்.

இந்த இடத்தில் என்னைப்போல் பலரும் தடுமாறியிருப்பார்கள். நோயும் அருளா? மருணீக்கியார் வரலாற்றில் அது அருளாய் முடிந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்த காய்ச்சலையும் கட்டியையும் அதே அளவுகோலால் அளந்து, இது ஆண்டவன் சோதனை என்று அவனிடமே சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை. படுக்கையில் கிடப்பவன் காதுக்கு அது ஆறுதலாகப் போய்ச் சேராது.

சூலை வந்தது. குடரை முறுக்கிப் பிசைந்தது. உடனிருந்தவர்கள் தமக்குத் தெரிந்த மந்திரமும் மருத்துவமும் செய்து பார்த்தார்கள். நோய் மேலும் முடுகியது. ஒன்றும் செய்ய இயலாமல் அவர்கள் கைவிட்டார்கள். அந்த வேளையில் தருமசேனருக்கு நினைவு வந்தது யாரை? தாம் விட்டு வந்த தமக்கையாரை. தம்மிடம் இருந்த சமையற்காரரை அழைத்துத் திருவதிகைக்கு அனுப்பினார்.

அந்தச் சமையற்காரரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. ஆனால் அவர் கூறியதை ஒன்றுவிடாமல் சொல்கிறார். நந்தவனத்தின் அருகே திலகவதியாரைக் கண்டு வணங்கி, உம்முடைய தம்பியார் ஏவி வந்தேன் என்கிறார். திலகவதியார் உடனே கேட்பது ஒரே கேள்வி. அவருக்குத் தீங்கு ஏதும் உண்டோ? அதுதான் கேள்வி. இத்தனை ஆண்டு எங்கே போனார் என்று கேட்கவில்லை. இப்போதுதான் என் நினைவு வந்ததா என்று கேட்கவில்லை. சமையற்காரர் விவரம் கூறுகிறார். சூலை உயிரைக் கொல்லாமல் குடரை முடக்குகிறது, எல்லாரும் கைவிட்டார்கள், எனக்கு முன் பிறந்த நல்லாளிடம் போய்ச் சொல்லி, நான் பிழைக்கும் வழியைக் கேட்டு இரவுக்குள் திரும்பி வா என்று அனுப்பினார்.

இந்த இடத்தைப் படித்தபோது மன்னார்குடிப் பிள்ளையின் குரல் என் காதில் கேட்டது. வீட்டில் முறைவைத்துச் சமைக்கிறார்களாம். அன்றைக்குச் சமையல் அவன் முறை. பிள்ளைகளைத் தொலைவில் வைத்திருக்கும் பெற்றோர்க்கு ஆபத்து வேளையில் பேருதவி செய்கிறவர் பெரும்பாலும் இப்படிப் புராணத்தில் பெயர் இல்லாத ஒருவர்தான்.

தமக்கையார் மறுமொழி கண்டிப்பானது. அங்கு நான் வரமாட்டேன் என்று அவருக்குச் சொல் என்றார். இதைச் சிறு வயதில் கேட்டபோது கல்நெஞ்சமாகத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. தம்பியை விட்டு நீங்கிவிட்டாள் என்று அவர் எண்ணிவிடாதபடி, தாம் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தை அவருக்குத் தெரிவித்துவிட்டார். அதிகையில் இருக்கிறேன், வரலாம். சமையற்காரர் அன்றிரவே திரும்பிப்போய் அந்தச் சொல்லைச் சேர்த்தார். அதைக் கேட்டதும் மருணீக்கியார் உடுத்தியிருந்த பாயையும், உறியில் தூக்கிய குண்டிகையையும், மயிற்பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை சுற்றிக்கொண்டு, துணைக்கு வந்தவர் கையைப் பற்றியபடி, யாரும் அறியாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டார்.

பாதிரிப்புலியூரிலிருந்து அதிகைக்கு இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 25 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். 1993 வரை திண்டிவனம், விழுப்புரம், அதிகை, பாதிரிப்புலியூர் எல்லாமே பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் அடங்கியவைதாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருளில் நடப்பவருக்கு அந்தத் தொலைவு எத்தனை நீளம்! அதிகையில் காத்திருந்தவருக்கு அந்த இரவு எத்தனை நீளம்! அவர் எப்படிக் காத்திருந்தார் என்று சேக்கிழார் விரிக்கவில்லை. விடிந்தால் மெழுக்கிட வேண்டிய சாணமும், அலகும், தோண்டியும் எடுத்து வைத்திருந்திருப்பார் என்று நானாக எண்ணிக்கொள்கிறேன்.

வந்து அடிகளில் விழுந்த தம்பியைப் பார்த்து அவர் சொன்ன சொற்கள் மிகச் சில. அறியாமல் போய் விழுந்து இத்தனை துன்பம் அடைந்தீர், எழுந்திரும் என்னும் பொருளில் சொன்னார். இச்சொற்களில் இரண்டை நான் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். ஒன்று, 'அறியாமல்'. குற்றத்தைச் சுட்டுகிற அதே மூச்சில் அதன் பாரத்தை இறக்கி வைக்கிற சொல் அது. மற்றொன்று, 'எழுந்திரும்'. தம்பியாயினும் மரியாதைப் பன்மையில்தான் அழைக்கிறார். அதற்கு மேல் பழைய கணக்கு எதையும் அவர் எடுக்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். அவர் பணிந்து பெற்று அணிந்துகொண்டார். திருப்பள்ளியெழுச்சி நேரம் வந்ததும், தமக்கையார் அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் ஆலயத்துக்குப் புறப்பட்டார். நோயோடு தம்பியும் உடன் சென்றார். அங்கே பெருமான் முன் கொல்லிப் பண்ணில் எழுந்தது அப்பரின் முதல் பதிகம். சூலை நீங்கிற்று. நாவுக்கரசு என்ற பெயரும் அங்கேதான் வந்தது. அன்று பிழைத்த அந்தப் பிள்ளை 81 ஆண்டுகள் வாழ்ந்து, திருப்புகலூரில் சித்திரைச் சதயத்தன்று இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

அன்றும் அவர் பணியை நிறுத்தவில்லை என்பதைப் படித்தபோது, "பறித்த பூ வாடிவிடும்" என்ற சொல் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனைவியிடம் அதைச் சொன்னேன். "அதற்காகத்தானே அந்தச் சந்நிதியில் நின்றேன்" என்றாள். எனக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது.

எங்களைப் போன்ற நிலையில் உள்ள அன்பர்களுக்கு உதவும் என்பதால், பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையோடு தங்கியிருப்பவர் ஒருவருடைய எண்ணாவது நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சையன்று எங்கள் மகனின் கைபேசியில் மின்சாரம் தீர்ந்துபோய் மூன்று மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பிள்ளையின் எண் எங்களிடம் அப்போது இல்லை. மருத்துவமனையின் பெயரையும் வார்டின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்து, இரத்தப் பிரிவு, சிறு வயதில் நடந்த அறுவை சிகிச்சை இவை பிள்ளைகளுக்கே பல வேளை தெரிவதில்லை, தாய்க்குத்தான் தெரியும். ஒரு தாளில் எழுதிப் பிள்ளைக்கு அனுப்பி வைத்துவிடலாம்.

நமக்கு 108 என்றால் ஆம்புலன்ஸ். சிங்கப்பூரில் அது 995, அமெரிக்காவில் 911, இங்கிலாந்தில் 999. தனியாக இருக்கும் பிள்ளை மார்வலி, மூச்சுத்திணறல் என்று நம்மை அழைத்தால், நாம் அழுவதற்கு முன்பு அவனை அந்த எண்ணை அழைக்கச் சொல்ல வேண்டும். வேறு நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருப்பதும் அவசியம். பல நாடுகள் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை அதற்கு விண்ணப்பித்ததுதான்.

இன்னொன்று, நம் உடம்பைப் பற்றியது. அன்று நான் இரத்த அழுத்த மாத்திரையைப் போட மறந்துவிட்டேன். பிற்பகலில் தலை சுற்றியபோதுதான் நினைவு வந்தது. பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு பட்டினி கிடப்பவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் பலர். உண்ணாமல் மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய விரதம் வேண்டாம். அங்கே படுத்திருக்கும் பிள்ளைக்கு இங்கிருந்து இன்னொரு செய்தி போகலாகாது. உபவாசத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் பெயர், நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை செய்யலாம். விழுப்புரத்து அன்பர்களுக்குத் திருவாமாத்தூர் அருகிலேயே இருக்கிறது. நாவுக்கரசர் பாடிய தலம். அதுவும் இயலாத அன்று, வீட்டில் விளக்கேற்றி ஒரு முழம் பூ தொடுத்தாலும் கைக்கு வேலை கிடைக்கும்.

திருவதிகையில் பெற்ற திருநீற்றை மனைவி இரண்டு பொட்டலங்களாகக் கட்டினாள். ஒன்று மகனுக்கு. மற்றொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சிங்கப்பூர் செல்லும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். மன்னார்குடியில் இருக்கும் அந்தப் பிள்ளையின் தாயாரோடும் தொலைபேசியில் பேசினோம். தம் மகன் இரவெல்லாம் மருத்துவமனையில் இருந்த விஷயமே அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "என்னிடம் எதையும் சொல்வதில்லை" என்று வருந்தினார். என்ன மறுமொழி சொல்வதென்று தெரியாமல், என் மனைவி திலகவதியார் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அந்த அம்மாளுக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகன் தானாகவே அழைத்தான்.

"அப்பா, இரண்டு நாளாகப் பல்வலி. கன்னம் வீங்கியிருக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் போகிறேன்."

இரவில் பல் துலக்குவதைப் பற்றி ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"வலி எப்படி இருக்கிறது? உன் கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு வீங்கிய கன்னத்தோடு சிரிப்பது கேட்டது.

"அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்றான்.